லைட் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள்

என் மாமனாருடைய ஸ்கூட்டரின் இடதுபக்க இண்டிகேட்டர் லைட்டாக உடைந்திருந்தது. லைட்டாக என்பது அவர் சொன்ன சொல். நான் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தபோது அங்கே இண்டிகேட்டர் என்று ஒரு பொருளே இல்லை. இரண்டு ஒயர்கள் மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன.

"என்னாச்சு மாமா?"

"ஒண்ணும் இல்லம்மா. பாலாநகர் கிட்ட ஒரு ஆட்டோக்காரன் லைட்டா தட்டிட்டான். எதுக்கு டென்ஷன் எடுத்துக்கிறே? மீனை உள்ள எடுத்து வை."

அவருக்கு எழுபத்தைந்து தாண்டியாயிற்று. அல்வாலில் தனியாக இருக்கிறார். நானும் கணவரும் மகளும் கச்சிபௌலியில், ஒரு அடுக்குமாடியின் பன்னிரண்டாவது தளத்தில். ஞாயிறு காலையானால் அல்வாலில் மீன் வாங்கி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு, போயின்பள்ளி, பாலாநகர், கூகட்பள்ளி என்று ஊரைக் குறுக்காக வெட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, வெயில் தாழ்ந்ததும் அதே வழியில் திரும்பிப் போவார். அந்த ஸ்கூட்டரை அவரிடமிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்று நான் இரண்டு வருடம் மல்லுக்கட்டினேன். பிடுங்காவிட்டால் ஒரு நாள் அவர் போய்விடுவார், இல்லை அவர் கையால் வேறு யாராவது போய்விடுவார்கள் என்று எனக்குப் பயம். வீட்டில் வேறு யாருக்கும் அந்தப் பயம் கிடையாது. அவர்களிடம்தான் 'லைட்' இருந்ததே.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் திட்டிவிட்டு மேலே போகிறேன். தமிழில் இது செய்கிற வேலைக்கு முன்பு ஒரு படையே இருந்தது. வலி லேசாக இருந்தது. பச்சை இளம்பச்சையாக இருந்தது. துணி மெல்லிசாகவும் தூறல் சிறுதூறலாகவும் காபி தண்ணியாகவும் இருந்தன. அத்தனை பேரையும் வேலையை விட்டுத் தூக்கிவிட்டு லைட் ஒற்றை ஆளாக எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்துகொண்டது. லைட் கலர் புடவை, லைட் மசாலா, லைட் சர்க்கரை, லைட்டாகத் தலைவலி, லைட்டாகச் சந்தேகம், லைட்டாக ஒரு காதல். சரி, உட்காரட்டும். சொன்ன அளவில் இருந்தால் நான் ஏன் திட்டப் போகிறேன்? என் கணவர் "லைட்டா பசிக்குது" என்று சொல்லி உட்கார்ந்தால் இட்லிப் பானையைக் கவிழ்த்துத் தட்ட வேண்டியிருக்கும். "லைட் ரெயின்" என்று போனில் செய்தி வந்த அன்று எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கார்கள் மிதந்தன. கூகட்பள்ளியில் நிற்கிறேன், லைட் டிராஃபிக் என்று யாராவது சொன்னால் நான் குளித்து, துவைத்து, காயவைத்து எடுத்த பிறகுதான் வாசல் மணி அடிக்கும்.

ஹைதராபாத்துக்கு வந்த பிறகு இந்த வியாதி முற்றிவிட்டது. இந்த ஊரில் அது ஒரு கட்டளையாகவே ஆகிவிட்டிருக்கிறது. லைட் தீஸ்கோ. லேசாக எடுத்துக்கொள், விட்டுத்தள்ளு என்று அர்த்தம். பெரியவர்களிடம் மரியாதையாகச் சொல்ல வேண்டுமானால் லைட் தீஸ்கோண்டி. காதலி விட்டுவிட்டுப் போனவனுக்கும் இதைத்தான் சொல்கிறார்கள், வண்டியை எவனோ இடித்துவிட்டுப் போனவனுக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். இடித்தவனே இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போவதும் உண்டு. தெலுங்குக்காரர், உருதுக்காரர், தமிழர் என்று வித்தியாசமே இல்லை. ஊர் ஒற்றுமை என்று ஏதாவது இருந்தால் அது இந்த இரண்டு சொல்லில்தான் இருக்கிறது.

இந்த ஊருக்கு வந்து நான் பார்க்கிற வேலை என்ன தெரியுமா? மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவர்கள் எழுதியதில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து, அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று பெயர் வைக்க வேண்டும். கிரிட்டிகல், மேஜர், மைனர். நான் பெயர் வைத்தால் பெரும்பாலும் கிரிட்டிகல்தான். எழுதிய பையன்கள் என் மேஜைக்கு வந்து, "மேடம், கொஞ்சம் லைட் தீஸ்கோண்டி" என்று குழைவார்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொள்வேன். அவ்வளவுதான், போய்விடுவார்கள். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ஹெவி மேடம் என்று பெயர். உடம்பையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

இந்தக் குணம் எனக்கு வானத்திலிருந்து விழவில்லை. நான் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவள். எங்கள் வீட்டில் எதையும் குறைத்துச் சொல்கிற வழக்கமே இல்லை. அம்மாவுக்குக் கொசு கடித்தால் போதும், போனில் கூப்பிட்டு, "ஏட்டி, காலே போச்சுட்டி! இனிமே நான் நடப்பேன்னு நெனைக்கியா?" என்பாள். அப்பாவுக்கு பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் குடும்பமே நாசமாகப் போயிற்று. பக்கத்து வீட்டில் பால் பொங்கி வழிந்தால் எங்கள் வீட்டில் இரண்டு பேர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வோம். இப்படிக் கூப்பாடு போடுகிற குடும்பத்தில் ஒரு வசதி உண்டு. எதையும் யாரும் கவனிக்காமல் விட முடியாது. ஒருவர் தும்மினால் மற்றவர் கஷாயத்துக்கு அடுப்பு மூட்டிவிடுவார்.

கணவர் வீட்டார் வேறு ரகம். வெள்ளைக்காரன் காலத்தில் சிகந்தராபாத்துக்கு வேலைக்கு வந்து அங்கேயே வேர்விட்ட தமிழ்க் குடும்பம். பேசுகிற தமிழில் பாதி உருது, பாதி தெலுங்கு, மீதி இங்கிலீஷ். ஆமாம் என்பதற்கு ஹவ் என்பார்கள், வேண்டாம் என்பதற்கு நக்கோ. முதல் தடவை என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போய் உறவுக்காரர்களிடம் மாமியார் சொன்னது, "பொண்ணு லைட்டா மாநிறம்." நான் அசல் கறுப்பு. வெயிலில் காய்ந்த கடற்கரைக் கறுப்பு. நடுவில் இருந்த தரகர் எங்களிடம் சொன்னது, "மாப்பிள்ளைக்கு முன்னாடி லைட்டா முடி கம்மி." மணமேடையில் தலைப்பாகையை எடுத்தபோதுதான் பார்த்தேன், முன்னாடி பின்னாடி என்று பிரித்துச் சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை. அம்மா என் காதில், "மோசம் போனோமே!" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தலையைப் பிறகு எனக்குப் பிடித்தும் போய்விட்டது. அதெல்லாம் வேறு கதை.

மாமியார் விஷயத்தில்தான் எனக்கு இந்தச் சொல்லின் மேல் தீராத கோபம் வந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில் அவர் போனில் என்னிடம், "லைட்டா மூச்சு வாங்குதும்மா, பனி ஒத்துக்கலை" என்றார். அல்வாலில் மாமனார், "லைட்டா சளி" என்றார். என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "லைட்டா டல்லா இருக்காங்க" என்றார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுத் தராசு அப்படித்தான் காட்டும். அந்த வாரக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நுரையீரல் முழுக்க நீர். இரண்டு நாளில் போய்விட்டார். "ஏட்டி, மூச்சு போகுதுட்டி" என்று அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எங்கள் ஊர்ப் பெண்களைப் போலக் கத்தியிருந்தால் நான் ஆம்புலன்ஸோடு அல்வாலுக்குப் பறந்திருப்பேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

அதற்குப் பிறகு மாமனாரை எங்களோடு வந்து இருக்கச் சொன்னோம். "நக்கோம்மா. பன்னண்டாவது மாடில இருந்து கீழ பாத்தா லைட்டா தலை சுத்துது" என்றார். அல்வால் வீட்டைவிட்டு நகர மாட்டேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மீனோடு வர ஆரம்பித்தார். பேத்திக்குக் கொர்ரமீனு பிடிக்கும் என்று எப்போதோ யாரோ சொல்லிவிட்டார்களாம். கொர்ரமீனு என்றால் நம் விரால்தான். கடல் மீன் தின்று வளர்ந்த எனக்கு அந்தச் சேற்று வாடை ஆகவே ஆகாது. மகளுக்கும் ஒன்றும் பெரிய ஆசை கிடையாது, அவளுக்கு பீட்ஸா போதும். என்றாலும் தாத்தா வந்ததும் ஓடிப்போய் டப்பாவைத் திறந்து, "வாவ் தாத்தா, சூப்பர் உந்தி!" என்பாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பிள்ளை அது. அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் அந்த மனிதர் அத்தனை தூரம் வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மீன் வந்துகொண்டிருந்தது. ஸ்கூட்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. முதலில் வலதுபக்கக் கண்ணாடி போயிற்று. "லைட்டா லூசா இருந்துச்சு, நானே கழட்டிட்டேன்." பிறகு முன்பக்க மட்கார்டு. "லைட்டா ஒரு கல்." பிறகு இந்த இண்டிகேட்டர். ஒரு ஞாயிறு அவருடைய சட்டை முழங்கையில் கிழிந்து, உள்ளே தோல் வழன்றிருந்தது. "லைட்டா சாஞ்சுட்டேன்" என்றார். ஓடுகிற வண்டியில் ஒரு மனிதன் எப்படி லைட்டாகச் சாய முடியும்? விழுந்தேன் என்ற சொல் அவர்கள் குடும்ப அகராதியிலேயே கிடையாது.

"அவர் கீழ விழுந்திருக்கார்" என்று நான் கணவரிடம் கத்தினேன்.

"ஐம்பது வருஷமா ஓட்டுறார். லைட் தீஸ்கோ" என்றார் கணவர்.

"உங்கம்மாவுக்கும் இதையேதான் சொன்னீங்க."

அப்படி நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், சொன்னது சரிதான். அன்று ராத்திரி அவரே அப்பாவுக்குப் போன் செய்து, கண் டாக்டரிடம் காட்டச் சொன்னார். அதோடு என் கணவருடைய வீரம் தீர்ந்துவிட்டது.

மாமனார் கண்ணைக் காட்டிவிட்டு அடுத்த ஞாயிறு வெற்றிவீரராக வந்தார். "டாக்டரே சொல்லிட்டார்மா, லைட்டா கேட்டராக்ட். அவசரமே இல்லையாம்." எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் இத்தனை நாள் எதிர்த்துச் சண்டை போட்ட சொல்லை ஒரு டாக்டர் வெள்ளைக் கோட்டோடு வந்து சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் எங்கே? அன்றிலிருந்து அந்தச் சொல்லை அவர் லைசென்ஸ் மாதிரி பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

சரி, வாயால் ஆகாது, காரியத்தால் ஆகட்டும் என்று அடுத்த ஞாயிறு காலை நானே அல்வாலுக்கு ஒரு கேப் புக் செய்தேன். மாமனாரைப் போனில் கூப்பிட்டு, "மாமா, வாசல்ல கார் நிக்குது. ஏறி உட்காருங்க. மீன் வாங்கிட்டீங்கல்ல?" என்றேன்.

"ஹவ் ஹவ், வாங்கிட்டேன்" என்றார்.

இத்தனை சுலபமாக ஒத்துக்கொண்டாரே என்று எனக்கே ஆச்சரியம். மசாலாவை அரைத்து வைத்துவிட்டு, போன் திரையில் கார் நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாலாநகர் தாண்டியது, கூகட்பள்ளி தாண்டியது, எங்கள் கேட்டுக்குள் நுழைந்தது. வரவேற்கக் கீழே போனேன். டிரைவர் இறங்கி, பின் கதவைத் திறந்தார். பின் சீட்டில் எவர்சில்வர் டப்பா உட்கார்ந்திருந்தது. அதற்கு சீட் பெல்ட் போட்டிருந்தது. மாமனார் இல்லை.

"பெத்தாயன பார்சல் அன்னாரு மேடம்" என்றார் டிரைவர். பெரியவர் இது பார்சல் என்று சொன்னாராம்.

முக்கால் மணி நேரம் கழித்து மாமனார் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். "ஐடியா நல்லாருக்கும்மா. டப்பா இல்லாததால கால் வைக்க வசதியா இருந்துச்சு. இனிமே இப்படியே அனுப்பிடலாம்" என்றார். என் மகள் சிரித்துச் சிரித்து சோபாவிலிருந்து கீழே விழுந்தாள். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார். நான் மட்டும் சமையலறையில் நின்று அந்த மீனை, இருக்கிற கோபத்தையெல்லாம் காட்டி, வெட்டினேன்.

அதற்குப் பிறகும் விடவில்லை. சாவியை ஒளித்து வைத்தேன், அவரிடம் இன்னொரு சாவி இருந்தது. மகளை விட்டுச் சொல்லச் சொன்னேன், "தாத்தா, ஸ்கூட்டி ஒத்து ப்ளீஸ்", ஸ்கூட்டி வேண்டாம் என்று அவளும் சொன்னாள். "சரிடா பாப்பா" என்று சொல்லிவிட்டு அதில் ஏறித்தான் போனார். கடைசியில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அல்வாலுக்கு வருகிறோம் என்றேன். ஒரு வாரம் போனோம். மகளுக்கு ஏதோ க்ளாஸ், கணவருக்கு ஏதோ ஆபீஸ் வேலை, எனக்கு என் ஆபீஸ் ஓட்டைகள் என்று அடுத்த வாரம் தள்ளிப்போயிற்று. அவர் அந்த ஞாயிறு ஸ்கூட்டரில் மீனோடு வந்துவிட்டார்.

போன தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு அவர் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார், அது ஒன்றுதான் அவரிடம் இருந்த ஒழுங்கு. "லைட் டிராஃபிக்கா இருக்கும்" என்றார் கணவர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தேன். மறுபடியும் அப்படித்தான். நான் அல்வாலில் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன். எப்போதோ கிளம்பிவிட்டாராம். கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் லைட் என்று சொல்லவில்லை. கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார், கையில் வைத்துக்கொண்டே.

லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது வாசல் செக்யூரிட்டியிடமிருந்து போன் வந்தது. பெரியவர் வருகிறார், ஆனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார் என்றார்.

கீழே ஓடினோம். கேட்டைத் தாண்டி அந்த மேட்டில், வெயிலில், ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். சட்டை முழுக்க வியர்வையில் ஒட்டியிருந்தது. நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். ரத்தம் இல்லை, கிழிசல் இல்லை. கணவர் வண்டியை வாங்கி, ஸ்டாண்டு போட்டு, டயரை அழுத்திப் பார்த்தார், பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"பின்ன ஏம்ப்பா தள்ளிட்டு வந்தீங்க?"

"தண்ணி" என்றார் மாமனார்.

கணவர் மேலே ஓடினார். நான் அவரைக் கீழே லாபியில் இருந்த சோபாவில் உட்காரவைத்தேன். எனக்கு அப்போது அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டாவதுதான் எனக்கு நன்றாக வரும், வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே பேச ஆரம்பித்தார்.

"கொண்டாப்பூர் உள்ள அந்த சின்ன சந்து இருக்கில்ல? அதுல ஒரு பாப்பா சைக்கிள்ல வந்துச்சும்மா. நம்ம பாப்பா உசரம்தான்."

"இடிச்சுட்டீங்களா மாமா?"

"அது வந்ததே எனக்குத் தெரியலை. சத்தம் கேட்டுத்தான் பிரேக் போட்டேன். பாத்தா கீழ கிடக்குது. சைக்கிள் என் வண்டிக்கு அடியில." கையைத் தூக்கி அந்த உயரத்தைக் காட்டினார். "முட்டி லைட்டா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "முட்டி கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. வேற ஒண்ணும் இல்லை. எழுந்து நின்னுச்சு. அழுதுச்சு."

"அப்புறம்?"

"அவங்க அம்மா ஓடி வந்தா. பாப்பாவைத் தூக்கி, கை கால் எல்லாம் பாத்தா. நான் சொன்னேன், தப்பு என் பேர்லதாம்மா, ஆஸ்பத்திரி போகலாம்னு. அவ சிரிச்சுட்டு, 'பர்லேது அங்கிள், சின்ன தெப்பே, லைட் தீஸ்கோண்டி'ன்னு சொல்லிட்டா. எனக்குத் தண்ணி கொண்டுவந்து குடுத்தாம்மா. எனக்கு." அவர் என்னைப் பார்த்தார். "நாலு அறை அறைஞ்சிருந்தா வண்டியை எடுத்துட்டு வந்திருப்பேன். எப்படிம்மா அதை லைட்டா எடுத்துக்கிறது? கண்ணுக்கே தெரியலையே."

பரவாயில்லை, சின்ன அடிதான், விட்டுத்தள்ளுங்கள் என்று அந்தப் பெண் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறாள். பதறுகிற ஒரு கிழவரைத் தேற்ற இந்த ஊரில் யாரும் சொல்கிற சொல்தான் அது. இவரும் ஆயுள் முழுக்க எல்லோருக்கும் சொன்ன சொல்தான். என் மடியில் இருந்த கையை எடுத்து அவர் கை மேல் வைத்தேன். எங்கள் உறவில் அப்படித் தொட்டுக்கொள்கிற பழக்கம் இல்லை. அவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"மீனு?" என்றேன், வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல்.

"அந்தப் பாப்பா வீட்டுலயே குடுத்துட்டேன். டப்பாவோட. அப்புறம்தான் சொன்னா, அவங்க ப்யூர் வெஜ்ஜாம்."

"வாங்கிக்கிட்டாளா?"

"வாங்கிக்கிட்டாம்மா. மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு பாவம்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். இன்னொரு பாக்கெட்டிலிருந்து நான் ஒளித்து வைத்தால் எடுக்கிற அந்த இன்னொரு சாவியையும் எடுத்தார். இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

"உங்க பிள்ளை இப்ப வந்துடுவார் மாமா. அவர்கிட்டயே குடுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது கைக்கு வந்திருந்தது. எனக்கோ அதை வாங்கவே பிடிக்கவில்லை. ஒரு சண்டைகூடப் போடாமல் கொடுக்கிறாரே என்று இருந்தது.

"அவன் நக்கோ. ரெண்டு நாள்ல நான் திருப்பிக் கேப்பேன். எனக்கு என்னைத் தெரியும். சண்டை போடுவேன். அவன் லைட் தீஸ்கோன்னு குடுத்துடுவான்." சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீதான் குடுக்க மாட்டே. நான் என்ன சொன்னாலும் குடுக்காதே."

லிஃப்ட் கதவு திறந்தது. கணவர் தண்ணீர் பாட்டிலோடும், பின்னால் மகளோடும் வந்தார். மகள் டப்பாவைத் தேடினாள். கிடைக்காமல், தாத்தாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் அவரைக் காரில் அல்வாலில் கொண்டுபோய் விட்டோம். ஸ்கூட்டர் எங்கள் கீழ்த்தளத்திலேயே நின்றது.

ரெண்டு நாள் என்று சொன்னவர் மூன்றாம் நாள் கூப்பிட்டார். நான் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தேன். வெளியே வந்து எடுத்தேன்.

"வண்டியை அனுப்பி வை. பக்கத்துல பால் பாக்கெட் வாங்கக்கூட ஆட்டோ தேட வேண்டியிருக்கு."

"அனுப்ப மாட்டேன் மாமா."

"இங்கயே சுத்துறதுக்குத்தாம்மா. மெயின் ரோடு பக்கமே போக மாட்டேன்."

"மாட்டேன் மாமா."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். நேற்று வந்தவள் என்றார். என் வண்டிக்கு நீ யார் என்றார். தூத்துக்குடியில் பெரியவர்களிடம் இப்படித்தான் பேசக் கற்றுக்கொடுத்தார்களா என்றார். அவர் அத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. என் மாமியாருக்குக்கூட அந்தக் குரல் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பையன்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்தினார்.

"தர மாட்டேன் மாமா" என்றேன்.

அந்தப் பக்கம் தெருவில் ஒரு வண்டி போவது கேட்டது.

"ஹவ்" என்றார். "தராதேம்மா."